கடலில்லாத சேலத்திலிருந்து கடலியலுக்கு: ஒரு முதுநிலைப் படிப்பும் அதன் வேலைவாய்ப்புகளும்

மே மாதம் பிறந்துவிட்டால் சேலத்து நாளிதழ்ப் பக்கங்களில் மூன்று செய்திகள் மாறி மாறி வரும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, ஜூன் 12 அன்று டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க இயலுமா என்பது ஒன்று. பசிபிக் பெருங்கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ உருவாகிறதா, அதனால் தென்மேற்குப் பருவமழை குறையுமா என்பது மற்றொன்று. கன்னியாகுமரி, ராமநாதபுரம் கடற்கரைகளுக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடப்பட்டுள்ளது என்பது மூன்றாவது. அதே வாரங்களில்தான் பி.எஸ்சி. முடித்த மாணவர்களின் வீடுகளில் அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சும் நடக்கிறது. இந்தப் பேச்சுக்கும் அந்த மூன்று செய்திகளுக்கும் தொடர்பு உண்டென்று பலருக்குத் தோன்றுவதில்லை. மூன்றுக்கும் அடியில் இருக்கும் அறிவியலின் பெயர் இயற்பியல் கடலியல். அதை முதுநிலைப் பாடமாகப் படிக்கலாம்; படித்து வேலைக்கும் போகலாம். ஆனால் அது என்ன படிப்பு, யாருக்கு ஏற்றது, எங்கே கொண்டுபோய் விடும் என்பதில் தெளிவு குறைவு.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

'கடல் படிப்பு' என்ற ஒரே பெயரால் குறைந்தது ஐந்து வெவ்வேறு படிப்புகள் அழைக்கப்படுகின்றன. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. மரைன் இன்ஜினியரிங்: கப்பலின் இயந்திரங்களை இயக்கிப் பராமரிப்பதற்கான படிப்பு. சேலத்தில் 'மரைன்' என்றதும் பெரும்பாலோர் நினைப்பது இதைத்தான். வணிகக் கப்பல் வேலையும் அதன் சம்பளமும் இதனோடு சேர்ந்தவை.

2. பெருங்கடல் பொறியியல்: துறைமுகம், அலைதாங்கி, கடலடிக் குழாய், எண்ணெய்த் துரப்பண மேடை முதலியவற்றை வடிவமைக்கும் பொறியியல். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கெனத் தனித் துறை உள்ளது.

3. மீன்வள அறிவியல்: மீன் வளர்ப்பு, பிடிப்பு, பதப்படுத்துதல் ஆகியவை பற்றியது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இதற்குப் பெயர் பெற்றது.

4. கடல்சார் உயிரியல்: கடல்வாழ் உயிரினங்கள் பற்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் தமிழர்கள் நன்கறிந்தது.

5. இயற்பியல் கடலியல்: கடல்நீரின் வெப்பநிலை, உவர்ப்பியம் (உப்பின் அளவு), அடர்த்தி, நீரோட்டம், அலை, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்), கடலும் காற்றும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் முறை ஆகியவற்றை இயற்பியல் விதிகளாலும் கணிதத்தாலும் ஆராய்வது.

ஐந்தாவதில் மீன் இல்லை, இயந்திரமும் இல்லை. நீரும் காற்றும் பாயும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கணினி நிரல்களும் உண்டு. ஆகவே கடற்கரையில் பிறந்து விலங்கியல் படித்தவரைவிட, ஆத்தூரிலோ ஓமலூரிலோ பிறந்து இயற்பியலோ கணிதமோ படித்தவர் இந்தத் துறைக்கு அருகில் இருக்கிறார். சேலத்து மாணவர்கள் தாமாகவே விலகிப்போவதற்கு, கடல் தொலைவில் இருப்பதைவிட இந்த உண்மை தெரியாததே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அடிப்படை: அழுத்தம், வெப்பம், உப்பு, சுழற்சி

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு போய்ச் சேர்ந்தால், பாக்கெட் உப்பிப் பலூன்போல் விறைத்து நிற்பதைப் பார்க்கலாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட ஏற்றத்தில் காற்றழுத்தம் சுமார் 130 மில்லிபார் குறைவதே அந்த உப்பலுக்குக் காரணம். இதே அளவு அழுத்த மாற்றத்தைக் கடலில் பெற 1.3 மீட்டர் ஆழம் இறங்கினால் போதும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற கணக்கில், 2,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பப்படும் ஒரு கருவி ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். கடலை அளப்பது ஏன் கடினமானது, செலவு மிக்கது என்பதற்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

அடுத்தது வெப்பம். நீரின் வெப்பக் கொள்திறன் மிகப் பெரியது. கடலின் மேற்பரப்பில் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீர், அதன் மேலுள்ள வளிமண்டலம் முழுவதும் கொள்ளும் அளவு வெப்பத்தைக் கொள்ளும். புவி வெப்பமாதலால் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் சென்றிருக்கிறது. வானிலையைக் காற்றில் மட்டும் தேடுவது ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை.

மூன்றாவது உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உள்ளது. இந்த அளவையே உவர்ப்பியம் என்பர். அரபிக்கடலில் ஆவியாதல் மிகுதி, ஆற்றுநீர் வரத்து குறைவு. அங்கே மேற்பரப்பு உவர்ப்பியம் 36ஐத் தாண்டும். வங்கக்கடலின் நிலை நேர்மாறு. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யைக் கன கிலோமீட்டரில் சொன்னால் 2.65தான் வரும். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஓராண்டில் வங்கக்கடலில் கொட்டும் நீர் ஏறக்குறைய ஆயிரம் கன கிலோமீட்டர், அதாவது நிரம்பிய மேட்டூர் அணைகள் முன்னூறுக்கும் மேல். ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் இதற்கு மேல். இந்த நன்னீர் எடை குறைந்தது என்பதால் கீழுள்ள உப்புநீரோடு எளிதில் கலக்காமல் மேலே மெல்லிய போர்வைபோல் கிடக்கிறது. வெயில் இந்த மெல்லிய அடுக்கையே காய்ச்சுகிறது. அதன் கீழே, வெப்பநிலை ஏறக்குறைய அப்படியே இருந்தும் உப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும் ஓர் இடையடுக்கு அமைகிறது. இதைத் தடுப்படுக்கு என்பர். புயல் கடலைக் கடையும்போது ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் வேகத்தைத் தணிப்பது இயல்பு. தடுப்படுக்கு தடித்திருக்கும் இடத்தில் குளிர்நீர் மேலே வருவது தடைப்படும், புயலுக்கு வெப்பம் கிடைத்துக்கொண்டே இருக்கும். புயல் கடுமையாகுமா என்பதைக் கணிக்க விரும்புவோர் கடலின் உப்பையும் பார்ப்பது இதனால்தான்.

நான்காவது பூமியின் சுழற்சி. சுழலும் பூமியின் மேல் நகரும் நீர், வட அரைக்கோளத்தில் தன் வலப்பக்கமாக விலகுகிறது. இதையே கொரியோலிஸ் விளைவு என்கிறோம். இதன் வலிமை ஓர் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. சேலமும் கடலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 11.7 பாகைக்கு அருகில் உள்ளன. கடலூருக்குக் கிழக்கே திறந்த கடலில் ஒரு பலத்த காற்று அடித்து ஓய்ந்தபின், மேல்நீர் தன் நிலைமத்தால் வட்டமிடத் தொடங்கினால், ஒரு வட்டத்தை முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும்? 12 மணியை அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுத்தால் ஏறக்குறைய 59 மணி. சேலத்து வகுப்பறையில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தைக் கொண்டு போடக்கூடிய இந்தக் கணக்கை, கடலில் மிதவை கட்டி அளந்தவர்களின் பதிவுகளும் உறுதி செய்கின்றன.

அடிப்படையிலிருந்து செய்திக்கு

கள்ளக்கடல் என்பது கேரள மீனவர்களின் சொல். திருடனைப்போல் சத்தமின்றி வருவதால் இந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவும் இதை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. உள்ளூரில் காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவு. ஆயினும் கடல் திடீரென ஏறிக் கரையை வாரிக்கொள்ளும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இப்படித்தான் உயிரிழந்தனர். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது.

அந்த எச்சரிக்கையை எப்படி முன்கூட்டியே தர முடிகிறது? காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென் பெருங்கடலில் பெரும் புயல்கள் நெடுநேரம் வீசும்போது, நீண்ட அலைக்காலம் கொண்ட அலைகள் பிறக்கின்றன. அலைக்காலம் என்பது ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வர ஆகும் நேரம்.

2. ஆழ்கடலில் அலைக்காலம் கூடக்கூட அலையின் வேகமும் கூடும். 18 விநாடி அலைக்காலம் உடைய அலைத்தொகுதியின் ஆற்றல் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகத்தில், அதாவது ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர் நகரும்.

3. ஆகவே 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த அலை நம் கரையைத் தொட ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். நீண்ட அலைகள் முதலில் வரும், குறுகியவை பின்னால் வரும்.

4. வழியில் இவை அதிகம் தேய்வதில்லை. கரையருகே ஆழம் குறையும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது.

செயற்கைக்கோள் அளந்த தென்கடல் காற்றின் வேகத்தைக் கணினி மாதிரிக்குக் கொடுத்தால், எந்தக் கரையில் எந்த நாளில் அலை ஏறும் என்று நாள்கணக்கில் முன்னே சொல்ல இயலுவது இந்தக் கணக்கால்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இதைச் செய்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், 2007இல் இங்கேயே ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையமும் அமைந்தது. ஆழிப்பேரலையின் கணக்கு இன்னும் எளியது: ஆழத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும், 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர்.

மேட்டூருக்கு வருவோம். அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் அதை நிரப்புவது சேலத்து மழை அல்ல. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அந்தக் காற்று இந்தியப் பெருங்கடலையும் அரபிக்கடலையும் கடந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. எல் நினோ ஆண்டென்றாலே மழை பொய்க்கும் என்று சொல்லிவிட இயலாது. 1997இல் மிக வலுவான எல் நினோ இருந்தும் நாடளவில் பருவமழை இயல்பாகவே இருந்தது. இந்தப் புதிருக்கு விடை தேடியவர்களுக்குத் துணைவந்தது இந்தியப் பெருங்கடல் இருமுனை என்னும் நிகழ்வு. அரபிக்கடல் உள்ளிட்ட மேற்குப் பகுதி வெதுவெதுப்பாகவும் சுமத்திராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருக்கும் நிலையை நேர்மறை இருமுனை என்பர். என்.எச். சாஜி, பி.என். கோஸ்வாமி, பி.என். வினயச்சந்திரன், டி. யமகாட்டா ஆகிய நால்வர் 1999இல் இதை விவரித்தனர். நால்வரில் மூவர் இந்தியர். நேர்மறை இருமுனை எல் நினோவின் பாதிப்பை ஓரளவு ஈடுகட்டக்கூடும். அணையின் நீர்மட்டச் செய்தியும் எல் நினோச் செய்தியும் ஒரே பக்கத்தில் வருவது பொருத்தமானதுதான். இடையில் இந்தியப் பெருங்கடலையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமைபெறும்.

முதுநிலைப் படிப்பு எப்படி இருக்கும்

தகுதி பெரும்பாலும் இதுதான்: இளநிலைப் பட்டம் இயற்பியலிலோ கணிதத்திலோ பெற்றிருக்க வேண்டும், இரண்டும் பாடங்களாக இருந்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் புவியமைப்பியல், வேதியியல் மாணவர்களையும் ஏற்கின்றன. மேக்னசைட் வளத்தால் புவியமைப்பியல் படிப்பு வேரூன்றிய ஊர் சேலம். அந்த மாணவர்கள் கடலடிப் புவியமைப்பியல் பக்கம் செல்வது எளிது, நீரோட்டம் பக்கம் வர விரும்பினால் கணிதத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாண்டு எம்.எஸ்சி.யில் பாய்ம இயக்கவியல், கடல் இயங்கியல், அலைகளும் ஓதங்களும், கடல்–வளிமண்டல இடைவினை, தொலையுணர்வு, புள்ளியியல், எண்முறை மாதிரியாக்கம் ஆகியவை முதன்மைப் பாடங்கள். இறுதிப் பருவத்தில் ஆய்வேடு. முதல் பருவத்தில் பாய்ம இயக்கவியலில் தடுமாறுவோர் பலர். பாய்மங்களின் இயக்கத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை முதன்முறை பார்க்கும்போது மலைப்பு வருவது இயல்பே. ஆனால் அந்தச் சமன்பாட்டில் எந்த உறுப்பைத் துறக்கலாம், எதைத் துறக்கக் கூடாது என்று தீர்மானிக்கத் தெரிவதே இந்தப் படிப்பின் உயிர்நாடி.

எங்கே படிப்பது? கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கடலியலுக்குத் தனித் துறையே உள்ளது. அதற்குச் சொந்த நுழைவுத் தேர்வு உண்டு. சேலம் சந்திப்பிலிருந்து எர்ணாகுளத்துக்கு நேரடி ரயில்கள் இருப்பதால் சேலத்தவருக்கு இதுவே மிகவும் வசதி. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல், கடலியல் துறை பழமையானது. 1950களில் அமெரிக்கக் கடலியலாளர் யூஜீன் லஃபாண்ட் அங்கு வந்து பணியாற்றியது இந்தியக் கடலியலின் தொடக்ககாலச் செய்திகளுள் ஒன்று. தமிழகத்தில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுகள் துறை இயங்குகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், கரக்பூர், டெல்லி, புவனேசுவரம் ஐ.ஐ.டி.கள் ஆகியவற்றில் வளிமண்டல, கடல் அறிவியல் மையங்கள் உள்ளன; இவற்றில் எம்.டெக்., முனைவர் பட்டம் ஆகியவை முதன்மை.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு வழியும் உண்டு. எம்.எஸ்சி. இயற்பியலையே பெரியார் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரியிலோ முடித்துவிட்டு, ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் தேறி, கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தில் முனைவர் ஆய்வுக்குச் சேரலாம். நெட் தேர்வில் 'புவி, வளிமண்டலம், பெருங்கடல், கோள் அறிவியல்' என்று ஒரு தாள் உள்ளது. எம்.டெக். போன்ற படிப்புகளில் சேர உதவும் கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளிலும் வளிமண்டல, கடல் அறிவியல் ஒரு பிரிவு. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. குடும்பத்தின் பணநெருக்கடியை எண்ணித் தயங்குவோர் இந்தத் தொகையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கப்பல் பயணம் பற்றிய அச்சமும் ஆசையும் இரண்டுமே மிகைப்பட்டவை. சாகர் நிதி, சிந்து சாதனா போன்ற ஆய்வுக் கப்பல்களில் வேலை மணிமுறைப்படி நடக்கும். உவர்ப்பியம், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் சி.டி.டி. என்னும் கருவியை, அதைச் சுற்றி நீர் மாதிரி எடுக்கும் உருளைகளோடு, கம்பிவடத்தில் கட்டி விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் இறக்குவார்கள். 2,000 மீட்டர் போய்வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். இரவு இரண்டு மணிக்கு உங்கள் முறை வந்தால் திரையில் கோடு மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்; கருவி மேலே வந்ததும் உருளைகளிலிருந்து நீரைக் குப்பிகளில் பிடித்து, குப்பிக்குக் குப்பி எண் எழுத வேண்டும். வாந்தியும் தலைச்சுற்றலும் முதல் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். மகளைக் கப்பலுக்கு அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி: கடலியலாளர் அதிதி பந்த் 1983ஆம் ஆண்டுப் பயணத்தில் அண்டார்டிகா வரை சென்றவர், அதற்குப் பின் வந்த தலைமுறைப் பெண்களுக்குக் கப்பல் புதிதல்ல.

வேலைகள்: எங்கே, என்ன செய்வதற்கு

1. முன்னறிவிப்புச் சேவை. இன்காய்ஸ் மையத்தில் அலை, நீரோட்டம், ஆழிப்பேரலை எச்சரிக்கை, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகள் பற்றிய அறிவிப்பு ஆகியவை அன்றாட வேலைகள். இரவுப் பணியும் உண்டு. 2017இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அது எந்தப் பக்கம் நகரும் என்று கணித்ததும் இதே வகை மாதிரிகளால்தான்.

2. அரசு ஆய்வு நிறுவனங்கள். கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம் 1966இல் தொடங்கப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையில் தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் தேசிய கடலோர ஆய்வு மையமும் உள்ளன. கோவாவில் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம். புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம். 2021இல் ஏறக்குறைய 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டமும், அதன் பகுதியாக மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இட்டுச்செல்லும் மத்ஸ்யா 6000 கலமும் செய்திகளில் அடிபடுவதால் இப்பக்கம் ஆர்வம் கூடியிருக்கிறது. விஞ்ஞானி 'பி' நிலையின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய்.

3. விண்வெளித் துறை. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் காற்றையும் அளக்கிறது. அந்தத் தரவைப் பயனுள்ள வடிவுக்குக் கொண்டுவரும் வேலை அகமதாபாத்திலும் ஐதராபாத்திலும் நடக்கிறது.

4. பாதுகாப்புத் துறை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடற்படைக்குக் கடலியலாளர் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நண்பகலில் ஓமலூர் நெடுஞ்சாலையில் கானல்நீர் தெரிவதற்குக் காரணம், சூடான தார்ச்சாலையை ஒட்டிய காற்றில் ஒளி வளைவது. கடலில் ஒலிக்கு அதேபோல் நேர்கிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். நீர் சூடானால் வேகம் கூடும். ஒலிக்கதிர் வேகம் குறைந்த பக்கமாக வளையும். காலையில் நன்றாகக் கேட்ட சோனார் கருவி, வெயிலேறி மேல்நீர் சூடான பிற்பகலில் 'காது மந்தமாவது' இதனால்தான்: ஒலி கீழ்நோக்கி வளைந்துவிட, மேலே ஒரு நிழற்பகுதி உண்டாகிறது. நீர்மூழ்கிக் கப்பல் அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகம் இத்தகைய கேள்விகளில் ஈடுபடும் நிறுவனம். கடற்படையிலும் கடலியல், வானிலைப் பிரிவு உண்டு.

5. கடலோர ஆலோசனை நிறுவனங்கள். தனியார் வேலைகளில் பெரும்பகுதி இங்கேதான். சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தபின், வடக்கு நோக்கி ஓடும் மணல் தெற்கே தடைப்பட்டுத் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கரை அரிக்கப்பட்டது. அங்கே கல் கொட்டினால் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. ஒரு புதிய துறைமுகமோ, மீன்பிடி இறங்குதளமோ, மீஞ்சூர், நெம்மேலி போன்ற கடல்நீர் குடிநீராக்கும் ஆலையோ வருமுன், மணல் எங்கே போகும், ஆலை வெளியேற்றும் செறிந்த உப்புநீர் எவ்வளவு தொலைவில் கரையும் என்று கணித்தாக வேண்டும். நீரோட்டமானியை ஒரு மாதம் கடலடியில் வைத்து அளந்து, மாதிரி ஓட்டி, அறிக்கை எழுதும் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது.

6. கல்வியும் வெளிநாடும். அமெரிக்காவில் முனைவர் ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைக்குக் கைப்பணம் வேண்டும். கடனெடுத்துப் போவதானால் முதலாவதே தக்கது.

விளம்பரங்களில் இடம்பெறாதவை

நிலையான அரசுப் பணியிடங்கள் குறைவு. அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை. எம்.எஸ்சி. முடித்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் திட்டப்பணி: ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேறு திட்டம் தேட வேண்டும். முப்பது வயதுவரை இப்படி நகர்வோர் உண்டு. உடனே நிலையான வருமானம் தேவைப்படும் குடும்பத்தினர் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பட்டத்தின் பெயரும் விளையாடும். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் புவி விஞ்ஞானி தேர்வில் 'கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுகள்' என்ற முதுநிலைப் பட்டம் தகுதிப் பட்டியலில் உள்ளது; வேறு பெயரில் கடல் பட்டம் பெற்றவர் அதையே எண்ணி விண்ணப்பித்துவிட முடியாது. அதேபோல் எம்.எஸ்சி. கடலியலைக் கொண்டு பள்ளியிலோ கல்லூரியிலோ இயற்பியல் ஆசிரியராகிவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்தப் பட்டத்தை எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இணையாக ஏற்கும் சமநிலை அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருமுன்பே கேட்டுத் தெளிய வேண்டும். ஆசிரியர் பணிக்கான கதவையும் திறந்து வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, முதலில் எம்.எஸ்சி. இயற்பியல், பிறகு கடலியலில் முனைவர் பட்டம் என்ற வழியே பாதுகாப்பானது.

ஒன்றை அழுத்திச் சொல்லலாம். வேலை தருவோர் பட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்துக் கேட்பது நிரல் எழுதத் தெரியுமா என்பதே. பைத்தான், லினக்ஸ், ஓரளவு ஃபோர்ட்ரான், கடல், வானிலைத் தரவு சேமிக்கப்படும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்புகளைக் கையாளும் பழக்கம், நீரோட்டத்துக்கான ரோம்ஸ் அல்லது அலைக்கான ஸ்வான் போன்ற ஒரு கணினி மாதிரியையேனும் ஓட்டிப் பார்த்த அனுபவம் ஆகியவை இருந்தால் திட்டப்பணிகளுக்கிடையே வெறுங்காலம் குறையும். கடல் கைவிட்டாலும், இதே திறமைகளுக்குக் காற்றாலை, காப்பீடு, தரவுத் துறைகளில் விலையுண்டு.

சேலத்தில் இருந்தபடியே

இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று அறிய விரும்பும் மாணவர் கொச்சிக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் தாமாகவே இயங்குகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகர்ந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பநிலையையும் உவர்ப்பியத்தையும் அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. இந்தத் தரவு யாவருக்கும் இலவசம். வீட்டுக் கணினியில் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அக்டோபர் அல்லது நவம்பர் மாதத்தில் வட வங்கக்கடலில் ஒரு மிதவையையும் அதே மாதம் நடு அரபிக்கடலில் ஒரு மிதவையையும் தேர்ந்தெடுங்கள். ஆழத்தைக் கீழ்நோக்கி வைத்து, வெப்பநிலைக்கு ஒரு கோடும் உவர்ப்பியத்துக்கு ஒரு கோடும் வரையுங்கள். அரபிக்கடல் படத்தில் உவர்ப்பியம் மேலேயே உயர்ந்து நிற்பதைக் காணலாம். வங்கக்கடல் படத்தில் அது மேற்பரப்பில் மிகக் குறைந்து, சில பத்து மீட்டருக்குள் மளமளவென்று ஏறும். வெப்பநிலைக் கோடோ அந்த ஆழத்திலும் அதிகம் அசையாமல் இருக்கக்கூடும். இரண்டு கோடுகளும் பிரியும் அந்த இடைவெளியே மேலே சொன்ன தடுப்படுக்கு. அடுத்த மாதத்துப் பதிவில் அது தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா, அந்த வழியே புயல் ஏதும் கடந்ததா என்று தேடிப் பார்க்கும் ஆவல் எழுகிறதா என்று கவனியுங்கள். எழுந்தால், கேட் தேர்வும், ஐ.ஐ.டி. போன்றவற்றில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வும் பிப்ரவரியில் நடப்பவை என்பதையும், விண்ணப்பங்கள் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு, இறுதியாண்டு தொடங்கும்போதே தயாராக வேண்டும்.